அரிய காட்டுத் தாவரங்களின் விதைகளைச் சேகரிப்பதும் சேமிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுச் செடிகளின் விதையைச் சேர்த்து வைப்பது பற்றிப் பேச்சு வந்தாலே பலரும் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?" என்றுதான். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. ஒரு விதை நெடுநாள் பிழைக்குமா பிழைக்காதா என்பது பெரும்பாலும் செடியின் பக்கத்திலும் உலர்த்தும் அறையிலுமே முடிவாகிவிடுகிறது. அதனால் கேள்விகளும் அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

செடி வளரும் இடத்தைக் காப்பாற்றினால் போதாதா? விதையை ஏன் எடுக்க வேண்டும்?

இடத்தைக் காப்பாற்ற முடிந்தால் அதுதான் முதல் வேலை. விதைகளை உலர்த்திக் குளிரில் சேமித்து வைக்கும் விதை வங்கி காட்டுக்கு மாற்று இல்லை. பூவைத் தேடி வரும் பூச்சி, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை, நிழல் தரும் மரம் இவற்றையெல்லாம் உறைக்குள் போட்டு வைக்க முடியாது. ஆனால் ஒரே ஒரு மலைச்சரிவில் மட்டும் வாழும் இனத்தை ஒரு காட்டுத்தீயோ, புதிதாகக் கட்டும் அணையோ, அடுத்தடுத்து வரும் வறட்சியோ மொத்தமாகத் துடைத்துவிடலாம். அப்போது கையில் விதை இருந்தால் மறுபடி தொடங்க ஒரு வழி இருக்கும்.

இப்படி நடந்தும் இருக்கிறது. ஃபிராங்க்ளினியா என்ற சிறு மரம் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஓர் ஆற்றங்கரையில் மட்டுமே இருந்தது. 1765இல் ஜான் பார்ட்ரமும் அவர் மகன் வில்லியமும் அதைக் கண்டார்கள். பிறகு வில்லியம் அதன் விதைகளைச் சேகரித்துவந்து தோட்டத்தில் வளர்த்தார். 1803க்குப் பிறகு காட்டில் அதை யாரும் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. இன்று உலகத் தோட்டங்களில் நிற்கும் ஃபிராங்க்ளினியா மரங்கள் எல்லாமே அந்த விதைகளின் வழிவந்தவை. இங்கிலாந்தின் புரோமஸ் இண்டரப்டஸ் என்ற புல்லும் அப்படித்தான். 1972க்குப் பிறகு இயற்கையில் காணாமல் போன அது, தாவரவியலாளர்கள் காப்பாற்றி வைத்திருந்த விதையால் 2004இல் மீண்டும் மண்ணுக்குத் திரும்பியது.

ஆர்வம் இருந்தால் யார் வேண்டுமானாலும் போய் எடுக்கலாமா?

கூடாது. பெரும்பாலான நாடுகளில் அழிவுநிலையில் உள்ள தாவரத்தின் எந்தப் பகுதியை எடுக்கவும் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். காப்புக் காடு என்றால் வனத்துறை, தனியார் நிலம் என்றால் நில உரிமையாளர், அப்புறம் அந்த நிலத்தைத் தலைமுறைகளாகப் பயன்படுத்தி வரும் மக்கள் என்று கேட்க வேண்டியவர்கள் பலர். 1992இன் உயிரியல் பன்மய உடன்படிக்கை, மரபு வளங்கள் மீதான உரிமை அந்தந்த நாட்டுக்கே உண்டு என்று சொல்கிறது. 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை, அந்த வளங்களிலிருந்து வரும் பயனை எப்படிப் பகிர்வது என்பதை வரையறுக்கிறது. நாடு விட்டு நாடு விதை அனுப்புவதென்றால் தாவர நோய்ச் சோதனைச் சான்றிதழும், சில இனங்களுக்கு சைட்டிஸ் (அழிவுநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) அனுமதியும் சேர்ந்துகொள்ளும்.

இதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளத் தேவையில்லை. அனுமதி இல்லாமல் எடுத்த விதையை நல்ல விதை வங்கி எதுவும் வாங்காது. அப்படி எடுத்தது கடைசியில் யாருடைய அலமாரியிலோ கிடந்து செத்துப்போகும். விதையைத் தொடாமலேயே செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. செடி எங்கே இருக்கிறது, எப்போது பூக்கிறது, காய் எந்த வாரத்தில் வெடிக்கிறது என்று தொடர்ந்து குறித்து வைப்பது. சேகரிக்க வருகிற குழுவுக்கு இதைவிட மதிப்புள்ள தகவல் வேறில்லை. ஒரு வாரம் தாமதமாக வந்தால் வெறும் ஓடுகள்தான் மிஞ்சும்.

ஓர் இடத்திலிருந்து எவ்வளவு விதை எடுக்கலாம்?

பரவலாகப் பின்பற்றும் விதி இது: அன்றைக்கு முற்றி இருக்கும் விதையில் 20 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. மிக அரிய இனம் என்றால் ஓர் ஆண்டின் விளைச்சலில் 10 விழுக்காட்டுக்குள் நிறுத்துவார்கள். எண்ணிக்கை இன்னும் குறைவாக இருந்தால் அதையும் குறைப்பார்கள், அல்லது தொடவே மாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது எவ்வளவு கொஞ்சம் என்று தெரியும். ஒரு சரிவில் 40 செடிகள், செடிக்கு 5 காய், காய்க்கு 20 விதை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000 விதைகள். அதில் பத்தில் ஒரு பங்கு 400. ஆனால் வெட்டிப் பார்த்தால் பாதி விதை சொத்தையாக இருக்கிறது. அப்படியானால் உயிருள்ளவை 2,000தான், எடுக்கக்கூடியதும் 200தான். விதை வங்கிகள் வழக்கமாக ஒரு சேகரிப்புக்கு 10,000 முதல் 20,000 விதைகள் வரை எதிர்பார்க்கும். அரிய செடியில் அதை ஒரே ஆண்டில் எட்ட முடியாது, எட்டவும் முயலக் கூடாது. பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டியதுதான்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, எத்தனை செடிகளிலிருந்து எடுத்தோம் என்பது. நன்றாகக் காய்த்த இரண்டு செடிகளை மொட்டையடித்தால் நிறைய விதை கிடைக்கும். ஆனால் அது இரண்டு தாய்களின் பிள்ளைகள் மட்டும். தொடர்பில்லாத சுமார் 50 செடிகளிலிருந்து எடுத்தால், அந்தக் கூட்டத்தில் பரவலாக இருக்கும் மரபணு வேறுபாடுகளில் பெரும்பகுதி வந்துவிடும். ஐம்பதுக்குக் குறைவாக இருந்தால் காய்த்த எல்லாச் செடியிலும் கொஞ்சம் எடுக்க வேண்டும். நடுவில் நிற்பவை, ஓரத்தில் நிற்பவை, குட்டை, நெட்டை, முன்பே பழுத்தது, பிந்திப் பழுத்தது எல்லாம் கலந்து வரட்டும். அழகான காயாகப் பார்த்துப் பொறுக்கும் பழக்கம் காய்கறித் தோட்டத்துக்குச் சரி, இங்கே சரிவராது. மிக அரிய இனமென்றால் ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையையும் தனித்தனி உறையில் போட்டு எண்ணிட வேண்டும். பின்னால் கலந்துகொள்ளலாம், கலந்ததைப் பிரிக்க முடியாது.

ஒரே ஒரு செடிதான் மிஞ்சியிருக்கிறது. அதில் எடுக்கலாமா?

தனியாக முடிவெடுக்க வேண்டாம். பல இனங்கள் தன் மகரந்தத்தை ஏற்காது. துணையில்லாமல் நிற்கும் செடியில் காய் இருந்தாலும் உள்ளே விதை இருக்காது. நிபுணர்கள் வந்தால் வேறு இடத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டு கையால் சேர்க்கவும், தண்டுத் துண்டு எடுத்து வளர்க்கவும் வழி பார்ப்பார்கள்.

விதை முற்றிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காய் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும், காம்பு காயும், ஆட்டினால் உள்ளே கலகலக்கும், விதை நகத்தால் அழுத்தினாலும் குழி விழாத அளவுக்குக் கெட்டிப்படும். சதைக்கனி என்றால் பறவைகள் வரத் தொடங்குவது நல்ல அடையாளம். ஆனால் எந்த அடையாளமும் எல்லா இனத்துக்கும் பொருந்தாது. ஒரே செடியில் கீழ்க்காய் வெடித்திருக்கும், மேலே பூ இருக்கும்.

முற்றாத விதையை எடுப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் இழப்பு. பச்சைக் காயில் இருக்கும் விதை நட்டால் முளைக்கக்கூடும், அதனால் நல்ல விதை என்று நம்பிவிடுகிறோம். ஆனால் உலர்வைத் தாங்கும் திறனும் நெடுநாள் வாழும் திறனும் முற்றுதலின் கடைசிக் கட்டத்தில்தான் வந்து சேர்கின்றன. அவசரப்பட்டு எடுத்தது உலர்த்தும்போதே சாகும், அல்லது சேமிப்பில் சில ஆண்டுகளில் சாகும்.

காசித்தும்பை இனங்கள் போலத் தொட்டவுடன் வெடிக்கும் காய்களுக்கு ஒரு வழி உண்டு. முற்றுவதற்குச் சில நாள் முன்பே மெல்லிய துணிப் பையைக் காய்க்கொத்தின் மேல் மாட்டித் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். விதை தானாக வெடித்துப் பைக்குள் விழும். பை காற்றோட்டமான துணியாக இருக்க வேண்டும். மழை பெய்தால் அதை அவிழ்த்து உலர்ந்ததை மாட்ட யாராவது போயாக வேண்டும்.

"வெட்டிப் பார்க்கணும்" என்கிறார்களே, அது என்ன?

சேகரிக்கத் தொடங்கும் முன் பத்து இருபது விதைகளைக் கூர்மையான பிளேடால் நெடுக்காக வெட்டி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸில் பார்ப்பது. நல்ல விதையின் உட்பகுதி ஓட்டுக்குள் இடைவெளி இல்லாமல் நிறைந்து, வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ, கெட்டியாக இருக்கும். பால்போல் வழிந்தால் இன்னும் முற்றவில்லை. சுருங்கிப் பழுப்பாக இருந்தால் செத்தது. உள்ளே பொடிப்பொடியாக எச்சமும், சில நேரம் வளைந்து படுத்திருக்கும் வெள்ளைப் புழுவும் இருந்தால் வண்டு முட்டையிட்டிருக்கிறது. வெளியே ஓட்டில் ஓட்டை தெரியாமலேயே உள்ளே புழு இருப்பது அவரைக் குடும்பத்தில் சகஜம்.

சூரியகாந்திக் குடும்பத்திலும் புற்களிலும் வெளித்தோற்றத்தை நம்பவே கூடாது. பார்க்க விதை மாதிரியே இருக்கும், வெட்டினால் வெறும் தோல். அரிய செடியில் இருபது விதையை வெட்டி வீணாக்குவதா என்று மனசு கேட்காது. அதற்குப் பதிலாக இரண்டு மூன்று வெட்டிப் பார்க்கலாம், பல விதை வங்கிகளில் எக்ஸ்ரே கருவியும் உண்டு.

விதையோடு என்னென்ன குறிக்க வேண்டும்?

நாள், ஜிபிஎஸ் அளவீடு, கடல்மட்டத்திலிருந்து உயரம், மண் வகை, சரிவின் திசை, கூட வளரும் செடிகள், அங்கே பார்த்த செடிகளின் எண்ணிக்கை, அவற்றில் எத்தனையிலிருந்து எடுத்தோம், யார் எடுத்தது. இவை குறைந்தபட்சம். கூடவே உலர்தாவரப் படிவம் ஒன்று வேண்டும். பூவோடும் காயோடும் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, இப்படிப்பட்ட படிவங்களைப் பாதுகாக்கும் ஹெர்பேரியத்தில் சேர்ப்பது. பின்னாளில் அந்த இனத்தின் பெயரே மாறலாம், அல்லது களத்தில் அடையாளம் கண்டது தவறாக இருக்கலாம். படிவம் இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். கிளையைக்கூட ஒடிக்க முடியாத அளவு அரியது என்றால் இலை, பூ, காய் மூன்றையும் அருகில் எடுத்த தெளிவான படங்கள் போதும்.

சீட்டைப் பென்சிலால் எழுதிப் பைக்குள்ளும் ஒன்று போடுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும், வெளியே ஒட்டியது உரிந்துவிடும். இடத்தின் துல்லியமான அளவீட்டைப் பொதுவெளியில் போடாதீர்கள். ஆர்க்கிட், கள்ளி வகைகளைத் திருடி விற்பவர்கள் இப்படிப் போடும் படங்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எதில் போட்டுக் கொண்டுவருவது?

காகித உறை, பருத்தித் துணிப் பை. பிளாஸ்டிக் பையில் விதை மூச்சுவிடும் ஈரம் உள்ளேயே தேங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சில மணி நேரத்தில் பல ஆண்டு ஆயுள் போய்விடும். இதில் விலக்கு சதைக்கனிகளும், உலர்வு தாங்காத விதைகளும். அவற்றைக் காய விடாமல், ஆனால் காற்றுப் பட, கொண்டுவர வேண்டும்.

சுத்தம் செய்வது?

காய்ந்த விதைக்குச் சல்லடையும் முறமும் போதும். கையால் தேய்த்து, மெல்லிய காற்றில் புடைத்தால் பதர் பறந்துவிடும். அரிய விதையென்றால் பறந்த பதரையும் ஒருமுறை லென்ஸில் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். சதைக்கனியைத் தண்ணீரில் பிசைந்து, சல்லடையில் கழுவி, உடனே நிழலில் பரப்ப வேண்டும். சதையோடு காயவிட்டால் அது பசைபோல் ஒட்டி இறுகிக்கொள்ளும்.

எல்லா விதையையும் உலர்த்திச் சேமிக்கலாமா?

முடியாது, இங்கேதான் பலருடைய திட்டம் தடம்புரளும். விதைகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, நன்றாக உலர்த்தினாலும் உறையவைத்தாலும் உயிரோடு இருப்பவை. பெரும்பாலான பூக்கும் தாவரங்கள் இதில் வரும். இரண்டாவது, உலர்த்தினாலே செத்துப்போகிறவை: மா, பலா, ரப்பர், கோகோ, ஓக், பல அலையாத்தி மரங்கள். மூன்றாவது, ஓரளவு உலர்வைத் தாங்கும், ஆனால் ரொம்பக் காய்ந்தாலோ உறைய வைத்தாலோ சீக்கிரம் கெட்டுவிடும். காப்பி விதையை வைத்துத்தான் 1990 வாக்கில் இந்த மூன்றாவது வகையைத் தெளிவாக விவரித்தார்கள்.

உலக விதைத் தாவரங்களில் சுமார் 8 விழுக்காடு இனங்கள் உலர்வு தாங்காதவை என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஈரமான வெப்பமண்டலக் காடுகளில் இந்தப் பங்கு அதிகம். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மிக அருகிவிட்ட நிலையில் உள்ள இனங்களில் சுமார் 36 விழுக்காட்டின் விதைகள் இப்படிப்பட்டவை என்று மதிப்பிட்டது. அதாவது, அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவற்றில் மூன்றில் ஒன்றுக்குச் சாதாரண விதை வங்கி உதவாது.

ஒரு விதை எந்த வகை என்று ஊகிக்கச் சில குறிப்புகள் உண்டு. பெரிதாக, கனமாக, மெல்லிய தோலோடு, மரத்திலிருந்து ஈரமாகவே விழுந்து சில நாளிலேயே முளைவிடுவது என்றால் உலர்வு தாங்காததாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறியது, கடினமானது, காய்ந்த காயிலிருந்து உதிர்வது என்றால் பெரும்பாலும் உலர்த்தலாம். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டும் இருப்பதால் இதை ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்கா உருவாக்கிய விதைத் தகவல் தளத்தில் பல்லாயிரம் இனங்களின் சேமிப்பு நடத்தை தொகுக்கப்பட்டிருக்கிறது. அதில் இனம் இல்லையென்றால் அதே பேரினத்தின் உறவுகளைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

எந்த அளவுக்கு உலர்த்த வேண்டும்?

விதை வங்கிகளில் வழக்கமான உலர் அறை 15 டிகிரி செல்சியஸ், 15 விழுக்காடு காற்று ஈரப்பதம். விதையைப் பரப்பிச் சில வாரங்கள் விட்டால், அது அறைக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிடும். அப்போது விதைக்குள் இருக்கும் ஈரம் இனத்தைப் பொறுத்து ஏறத்தாழ 3 முதல் 7 விழுக்காடு. எண்ணெய் அதிகமுள்ள விதையில் குறைவாகவும் மாவுப்பொருள் அதிகமுள்ளதில் கூடுதலாகவும் இருக்கும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? விதைத் துறையில் பழைய கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். துல்லியமான சூத்திரம் இல்லை, ஓர் எல்லைக்குள்தான் பொருந்தும். ஆனாலும் ஒன்று புரியும்: 12 விழுக்காட்டு ஈரத்திலிருந்து 6க்கு இறக்கினால் ஆறு முறை இரட்டிப்பு, அதாவது 64 மடங்கு. இதற்கு மின்சாரமே வேண்டாம். குளிர்சாதனத்தை நம்பி உலர்த்தலில் சோம்பல்படுவது தலைகீழ் வேலை.

உலர் அறை இல்லாத இடத்தில் காற்றுப்புகாத கண்ணாடி ஜாடியும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளும் நன்றாக வேலை செய்யும். விதையின் எடைக்குச் சமமாகவாவது ஜெல் இருக்கட்டும். விதையைத் துணியில் கட்டி ஜெல்லின் மேல் வைத்து, ஜாடிக்குள் ஒரு சிறு ஈரப்பதமானியையும் போட்டு மூடுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்தால் பச்சையாகும், அப்போது எடுத்து அடுப்பில் சூடாக்கி ஆற வைத்து மறுபடி பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, உடலுக்கு நல்லதில்லை. விதையை வெயிலில் காயவைப்பதும் அடுப்பில் வைப்பதும் வேண்டாம், ஈரமுள்ள விதையைச் சூடு விரைவில் கொல்லும்.

கருவி எதுவும் இல்லாதபோது உப்புச் சோதனை ஒரு தோராய வழி. உலர்ந்த சாப்பாட்டு உப்போடு சில விதைகளை ஜாடியில் போட்டுக் குலுக்கி, சிறிது நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டினால் விதை ஈரமாக இருக்கிறது. ஒட்டவில்லை என்றால் ஜாடிக்குள் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். நீண்ட காலச் சேமிப்புக்கு அது போதவே போதாது.

சரி, எத்தனை டிகிரியில் வைப்பது?

உலகெங்கும் உள்ள விதை வங்கிகளின் தரம் மைனஸ் 20 டிகிரி அல்லது அதன் அருகில். நன்றாக உலர்ந்து, காற்றுப்புகாத அலுமினியத் தாள் உறையிலோ ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடியிலோ அடைத்த விதைக்குத்தான் இது. ஈரமான விதையை உறைய வைத்தால் செல்களுக்குள் பனிப்படிகம் உருவாகிக் கிழித்துவிடும். உறையவைக்க வசதியில்லை என்றால், நன்கு உலர்ந்த விதையைச் சாதாரணக் குளிர்ப்பெட்டியில் 5 டிகிரியில் வைத்தாலே பல இனங்கள் பல ஆண்டு தாக்குப்பிடிக்கும்.

ஜாடியை வெளியே எடுத்தால் அறை வெப்பத்துக்கு வரும் வரை மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த விதையின் மேல் காற்றின் ஈரம் படிந்து, வாரக்கணக்கில் உலர்த்தியதெல்லாம் வீணாகும். அதனால்தான் ஒரே பெரிய உறையாக வைக்காமல், சோதனைக்கென்று சிறுசிறு உறைகளாகப் பிரித்து வைக்கிறார்கள்.

எத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கும்?

வியக்க வைக்கும் கதைகள் இருக்கின்றன. இஸ்ரேலின் மசாடா கோட்டை இடிபாடுகளில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்ச விதை 2005இல் முளைத்தது. சீனாவின் பழைய ஏரிப் படுகையில் கிடைத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டுத் தாமரை விதையும் முளைத்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் 1879இல் 20 குப்பிகளில் களைச்செடி விதைகளைப் போட்டுப் புதைத்தார். குறித்த இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தோண்டுகிறார்கள். 2021இல் எடுத்த குப்பியிலும் வெர்பாஸ்கம் என்ற களைச்செடியின் விதைகள் முளைத்தன. அடுத்தது 2040இல்.

ஆனால் இவையெல்லாம் பிழைத்தவற்றின் கதைகள். பீலின் குப்பியில் இருந்த 21 இனங்களில் மற்றவை பெரும்பாலும் முதல் சில பத்தாண்டுகளிலேயே தீர்ந்துபோயின. ஒரே மாதிரி உலர்த்தி ஒரே மாதிரி குளிர்வித்தாலும் சில இனங்கள் நூறாண்டு தாண்டும், சில இருபதாண்டிலேயே தளரும். வெப்பமான வறண்ட இடத்துச் செடிகளின் விதைகள் பொதுவாக நீண்ட ஆயுள் கொண்டவை. குளிர்ந்த ஈரமான இடத்தவை, அதிலும் முளைக்கரு மிகச் சிறியதாக இருப்பவை, குறுகிய ஆயுள் கொண்டவை. உங்கள் இனம் எதில் சேரும் என்று தெரியும் வரை குறுகிய ஆயுள் என்றே வைத்துக்கொண்டு அடிக்கடி சோதிப்பது நல்லது.

உயிரோடு இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரு சிறு பங்கை ஈரமான அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) மேல் முளைக்க வைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணுவது. சேமிக்கும் முன் ஒருமுறை, பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை, குறுகிய ஆயுள் இனங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. முளைப்பு தொடக்க அளவில் 85 விழுக்காட்டுக்குக் கீழே போனால் புதிதாக விதை பெருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முளைக்காத விதைகளை வெட்டிப் பார்க்காமல் செத்தவை என்று எழுதிவிடாதீர்கள். டெட்ராசோலியம் என்ற வேதிப்பொருளின் கரைசலில் ஊறவைத்தால் உயிருள்ள திசு சிவப்பாகும், செத்தது நிறம் மாறாது. வெட்டிய விதையில் முளைக்கரு முழுக்கச் சிவந்திருந்தால் அது உறங்குகிறது, சாகவில்லை.

உறங்கும் விதையை எப்படி எழுப்புவது?

ஏன் உறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அவரைக் குடும்பத்தில் பலவற்றின் தோல் தண்ணீரையே உள்ளே விடாது. குன்றிமணியை நினைத்துக்கொள்ளுங்கள். முளைக்கரு இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து, எதிர்ப்பக்கத்தில் பிளேடால் சிறு கீறல் போட்டால் போதும், மறுநாள் ஊதியிருக்கும். குளிர்நாட்டுச் செடிகள் பலவற்றுக்குச் சில மாதம் ஈரமான குளிர் வேண்டும். தீ அடிக்கடி வரும் நிலங்களின் செடிகள் புகைக்கு எழும்பும். புகையில் இருக்கும் காரிகின் என்ற வேதிப்பொருளைத்தான் விதை உணர்கிறது என்று 2004இல் கண்டறிந்தார்கள். செடி வாழும் இடத்தில் விதை விழுந்ததிலிருந்து முளைக்கும் வரை என்ன பருவங்களைக் கடக்கிறது என்று யோசித்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

உலர்வு தாங்காத விதைகளுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் செலவு அதிகம். விதையிலிருந்து முளைக்கருவை மட்டும் நுண்ணோக்கியின் கீழ் வெட்டியெடுத்து, வேகமாக உலர்த்தி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் மூழ்க வைப்பார்கள். பிறகு எடுத்தால் திசு வளர்ப்பில்தான் செடியாக்க வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் தனிச் செய்முறை கண்டுபிடித்தாக வேண்டும். அது வரை, பல மரங்களாக உயிருள்ள தோட்டத்தில் வளர்த்துவைப்பதே நடைமுறை. ஆர்க்கிட்கள் வேறு கதை. தூள்போன்ற விதை, சில இனங்களில் ஒரு காயிலேயே லட்சக்கணக்கில். உணவுச் சேமிப்பே இல்லாததால் இயற்கையில் முளைக்கப் பூஞ்சை துணை வேண்டும். ஆகவே அந்தப் பூஞ்சையையும் சேர்த்துச் சேமிப்பவர்கள் உண்டு.

ஒரே வங்கியில் வைத்தால் போதுமா? ஸ்வால்பார்டுக்கு அனுப்பலாமா?

நார்வேயின் ஆர்க்டிக் தீவான ஸ்வால்பார்டில் உள்ள பெட்டகம் 2008இல் திறந்தது முதன்மையாகப் பயிர் விதைகளுக்காக, அதுவும் மற்ற வங்கிகளின் இரண்டாம் படியை (நகல் தொகுப்பை) வைக்க. தனிநபர்கள் அனுப்ப முடியாது. காட்டுத் தாவரங்களுக்கு உலகின் பெரிய சேமிப்பு இங்கிலாந்தின் வேக்ஹர்ஸ்டில் உள்ள மில்லினியம் விதை வங்கி. 2000இல் தொடங்கிய அதில் சுமார் 40,000 இனங்களின் 240 கோடிக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கின்றன.

இரண்டு இடம் கட்டாயம். சிரியாவின் அலெப்போ அருகே இருந்த சர்வதேச வறண்ட நில ஆராய்ச்சி மையத்தின் வங்கி போரால் எட்ட முடியாமல் போனது. ஸ்வால்பார்டில் படி வைத்திருந்ததால் 2015இல் அதைத் திரும்ப வாங்கி, லெபனானிலும் மொராக்கோவிலும் பயிரிட்டுப் பெருக்கினார்கள். 2017இல் புதிய படிகளைத் திருப்பி வைக்கவும் தொடங்கினார்கள்.

மிச்ச விதையை விதைப்பந்தாக்கி வேறு காடுகளில் தூவலாமா?

அரிய இனத்தின் விதையோடு இதைச் செய்யவே கூடாது. நல்லெண்ணம்தான், ஆனால் பெரும்பாலானவை எறும்புக்கும் வெயிலுக்கும் இரையாகும். பிழைப்பவை உள்ளூர் உறவினத்தோடு கலந்து இரண்டின் தனித்தன்மையையும் கெடுக்கலாம், மண்ணோடு நோயும் போகலாம். எங்கே வைத்தோம் என்ற பதிவும் இருக்காது. மீள்நடவு என்றால் அந்த இனம் முன்பு இருந்த இடமோ அதற்கு நிகரானதோ, அழிவுக்குக் காரணம் நீங்கிய இடமாக இருக்க வேண்டும். நாற்றாக வளர்த்து, எண்ணிட்டு நட்டு, பல ஆண்டு கண்காணிக்க வேண்டும்.

சேகரித்து முடித்த பிறகு அந்த இடத்துக்கு மறுபடி போக வேண்டுமா?

போக வேண்டும். அடுத்த பருவத்தில் புதிய நாற்றுகள் வந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். முந்தைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக் குறைந்திருந்தால் அந்த ஆண்டு விதை எடுக்க வேண்டாம். காரணம் மழையா, மேய்ச்சலா, நாம் எடுத்ததா என்று தெரியும் வரை காத்திருந்து, எண்ணிக்கையை மட்டும் வங்கிக்கு எழுதி அனுப்புங்கள்.